இரண்டாம் இருக்கை

ஸ்டீவ் ரெட்கிரேவ் என்று சொன்னால் விளையாட்டுப் பக்கம் படிப்பவர்கள் உடனே ஐந்து தங்கம் என்பார்கள். 1984, 1988, 1992, 1996, 2000. துடுப்புப் படகுப் போட்டியில் தொடர்ந்து ஐந்து ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். ஆனால் துடுப்பு வலித்துக் கை காய்த்தவர்கள் இரண்டு பேர் கூடினால் கேட்டுக்கொள்கிற கேள்வி வேறு. அந்த ஐந்திலும் மனிதர் எந்த ஸீட்டில் உட்கார்ந்திருந்தார்?

இந்தக் கேள்வி வெளியாட்களுக்கு அற்பமாகத் தெரியும். எங்களுக்கு அதில்தான் அவருடைய வாழ்க்கையே இருக்கிறது.

முதலில் படகைச் சொல்லிவிடுகிறேன். ரோயிங்கில் எல்லோரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவோம். இருக்கைகளுக்கு எண் உண்டு. படகின் முன்முனையில் இருப்பவர் ‘போ’, அதுதான் ஒன்றாம் இருக்கை. பின்முனைக்குப் பக்கத்தில் கடைசியாக இருப்பவர் ‘ஸ்ட்ரோக்’. ஸ்ட்ரோக் ஆளுக்கு முன்னால் வலிப்பவர் யாரும் இல்லை. அவர் முதுகைப் பார்த்துத்தான் மற்ற அத்தனை பேரும் வலிக்க வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை வலிப்பு, எப்போது ஏற்றுவது, எப்போது அடக்குவது என்று தாளத்தைத் தீர்மானிப்பவர் அவர். நட்சத்திர இருக்கை என்றால் அதுதான்.

1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் முதல் தங்கம் வாங்கியபோது ரெட்கிரேவ் ஸ்ட்ரோக். வயது 22. கடைசித் தங்கத்தை 2000இல் சிட்னியில் வாங்கியபோது வயது 38. நால்வர் படகில் இரண்டாம் இருக்கை. முன்னும் இல்லை, பின்னும் இல்லை, நடுவில் ஒருவர். தாளம் வேறொருவர் கையில். அவரைவிட எட்டு வயது இளையவர் கையில்.

பதினாறு வருடம் உச்சியில் இருந்த ஒரு ஆள் தாளம் போடும் இடத்திலிருந்து தாளத்துக்குள் போய் உட்காரும் இடத்துக்கு இறங்கினார். நான் அதை இறக்கம் என்று நினைக்கவில்லை. இந்த விளையாட்டில் அதைவிடப் பெரிய ஏற்றம் கிடையாது என்பதுதான் என் கட்சி.

நான் அடையாற்றில் வலித்தவன். கல்லூரிக் காலத்தில் தொடங்கி முப்பதுகளின் நடுப்பகுதிவரை போட்டிகளில் கலந்துகொண்டேன். இப்போது முதுகு ஒத்துழைப்பதில்லை. காலையில் சிறுவர் சிறுமியருக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். சென்னைக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. மெட்ராஸ் போட் கிளப் 1867இல் தொடங்கியது. கொழும்பு ரோயிங் கிளப் அதற்கும் மூத்தது. இரண்டு ஊர்களுக்கும் இடையிலான படகுப் போட்டி 1898இலிருந்து நடக்கிறது. என்றாலும் ‘போட் கிளப்’ என்றால் ஊரில் பாதிப் பேருக்கு விலை உயர்ந்த வீடுகள் இருக்கும் ஒரு தெருதான் நினைவுக்கு வரும். அங்கே விடிவதற்கு முன்னால் ஆகாயத்தாமரையை ஒதுக்கிக்கொண்டு படகு இறக்குகிற கூட்டம் ஒன்று உண்டென்று யாருக்கும் தெரியாது.

ரெட்கிரேவ் மேல்தட்டு வீட்டுப் பிள்ளை இல்லை. இங்கிலாந்தில் ரோயிங் என்றாலே ஈட்டன், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்று ஒரு மணம் அடிக்கும். இவர் தேம்ஸ் கரையில் மார்லோ என்ற சிற்றூரில் வளர்ந்தவர். அப்பா வீடு கட்டித் தருபவர். பையனுக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதில் சிரமம், டிஸ்லெக்ஸியா. அந்த ஊர் அரசுப் பள்ளியில் ஆங்கிலத் துறைக்குத் தலைவராக இருந்த ஃபிரான்சிஸ் ஸ்மித் என்ற ஆசிரியர்தான் அவரைப் படகுக்கு அழைத்துப் போனவர். பையனுடைய பெரிய கை கால்களைப் பார்த்தே கூப்பிட்டார் என்று சொல்வார்கள். படிப்பில் தட்டுத் தடுமாறிய பிள்ளையை ஆங்கில வாத்தியார் ஆற்றுக்கு அனுப்பினார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. பதினாறு வயதில் பள்ளியை விட்டவர், மார்லோ கிளப்பில் மைக் ஸ்பிராக்லன் என்ற பயிற்சியாளரிடம் வந்து சேர்ந்தார்.

அந்த வயதில் அவருக்கு ஆசை தனிப்படகில். ‘சிங்கிள் ஸ்கல்’ என்பது ஒரே ஆள், கைக்கொரு சிறு துடுப்பு, 14 கிலோ எடை படகு. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். வென்றால் முழுப் புகழும் நம்முடையது. ஹென்லி படகுத் திருவிழாவில் தனிப்படகுக் கோப்பையை வென்றார். 1986 காமன்வெல்த் போட்டியில் தனிப்படகில் தங்கமும் வாங்கினார். அதே போட்டியில் இருவர் படகிலும் நால்வர் படகிலும் தங்கம். ஆனால் உலக அளவில் தனிப்படகு அவருக்குக் கைகொடுக்கவில்லை. அது பின்லாந்தின் பெர்ட்டி கார்ப்பினன் காலம். தீயணைப்பு வீரராக வேலை பார்த்துக்கொண்டே 1976, 1980, 1984 என்று மூன்று ஒலிம்பிக்கில் தனிப்படகில் தங்கம் வாங்கிய ராட்சசர் அவர். ரெட்கிரேவ் அடுத்தவர்களோடு உட்காரும் படகுக்குத் திரும்பினார். நல்லவேளை.

ஏன் நல்லவேளை என்று புரிய ஒரு வலிப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கால்கள் பலகையில் கட்டப்பட்டிருக்கும். இருக்கைக்குச் சக்கரம் உண்டு. தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும். முழங்கால்களை மடக்கி, கைகளை நீட்டி, பின்முனைப் பக்கம் போய்க் குவிந்து உட்காருகிறோம். அந்த இடத்தில் கையை லேசாக உயர்த்தினால் துடுப்பின் அலகு தண்ணீருக்குள் விழும். அதற்குக் ‘கேட்ச்’ என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் அத்தனை பேரும் இங்கே முதுகால் இழுப்பார்கள். இழுக்கக் கூடாது. அலகு முதலில் தண்ணீருக்குள் போய்ப் பதிய வேண்டும். பிறகுதான் கால் தள்ள வேண்டும். கால், அதற்குப் பிறகு முதுகு, கடைசியில் கை. கைப்பிடி விலா எலும்பைத் தொடும் இடத்தில் அலகை வெளியே எடுத்துப் படுக்கவாட்டில் திருப்பி, கையை நீட்டி, உடலைச் சாய்த்து, மெதுவாக முழங்காலை மடக்கித் திரும்பி வர வேண்டும். இந்தத் திரும்பலுக்கு ‘ரிகவரி’ என்று பெயர். பார்ப்பவர்கள் இதை ஓய்வு என்று நினைப்பார்கள்.

படகு மிக வேகமாக ஓடுவது வலிக்கும்போது அல்ல, இந்தத் திரும்பலில்தான். நால்வர் படகின் குறைந்தபட்ச எடை 50 கிலோ. உள்ளே இருக்கும் நான்கு பேரும் ஆளுக்கு 95 கிலோ என்று வைத்தால் 380 கிலோ. இந்த 380 கிலோவும் பின்முனைப் பக்கம் சறுக்கும்போது அடியில் இருக்கும் 50 கிலோ முன்னால் பாயும். துடுப்புகள் காற்றில் இருக்கும் நேரத்தில்தான் படகு தன் உச்ச வேகத்தை எட்டுகிறது. அடுத்த கேட்சில் எல்லோரும் கால் பலகையை மோதும்போது வேகம் சரிகிறது. பொறுமையில்லாத ஒருவன் திரும்பி வரும்போது அவசரப்பட்டுத் தடாலென்று வந்து மோதினால் நான்கு பேர் உழைத்துச் சேர்த்த ஓட்டத்தை அவன் ஒருவனே பிடித்து நிறுத்திவிடுவான். தண்ணீரில் வேகத்தை ஒரு சதவீதம் கூட்ட ஏறத்தாழ மூன்று சதவீத வலிமை அதிகம் வேண்டும். ஆகவே வேகம் ஏறி இறங்கித் துள்ளுகிற படகு உழைப்பைத் தின்றுகொண்டே போகும்.

சரியாக ஓடுகிற படகில் அடிப்பாகத்துக்குக் கீழே குமிழிகள் ஓடும் சத்தம் கேட்கும். ஒரு சீரான சலசலப்பு. அவசரக்காரன் இருந்தால் அது ஒவ்வொரு வலிப்புக்கும் ஒரு தடவை அறுந்துபோகும். பிள்ளைகளிடம் நான் கண்ணை மூடிக்கொண்டு வலிக்கச் சொல்வதுண்டு. யார் குற்றவாளி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களே, “அண்ணா, நான்தான் ஓடி வர்றேன்” என்பார்கள்.

அடுத்தவன் எப்போது அசையப் போகிறான் என்பதைக் கண்ணால் பார்த்துச் செய்தால் தாமதமாகிவிடும். முதுகில் தோள்பட்டை தளரும் விதம், படகு இடுப்புக்குக் கீழே நகரும் விதம், இதையெல்லாம் உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும். தனிப்படகுக்காரனுக்கு இந்தப் பாடம் இல்லை. ரெட்கிரேவின் மேதைமை இந்தப் பாடத்தில்தான் என்று நினைக்கிறேன். அவர் மிக அழகாக வலித்தவர் என்று யாரும் சொன்னதில்லை. அவர் காலத்திலேயே அவரைவிட நேர்த்தியானவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர் உட்கார்ந்த படகுகள் ஓடின.

1984இல் மார்ட்டின் கிராஸ், ரிச்சர்ட் பட்ஜெட், ஆண்டி ஹோம்ஸ் ஆகியோரோடு வென்றார். சுக்கான் பிடித்து வழிநடத்தும் காக்ஸ், ஏட்ரியன் எல்லிசன். நான்கு வருடம் கழித்து சியோலில், ஹோம்ஸோடு காக்ஸ் இல்லாத இருவர் படகில் தங்கம். அதே ஒலிம்பிக்கில் காக்ஸ் உள்ள இருவர் படகிலும் இதே ஜோடி இறங்கி வெண்கலம் வாங்கியது. ஒரு பிரிவில் இறுதிவரை போவதற்கே உடம்பில் ஒன்றும் மிஞ்சாது. இரண்டில் இறங்கியதைத் துணிச்சல் என்பதா, பேராசை என்பதா என்று எனக்கு இன்றும் முடிவாகவில்லை. இருவரும் கரையில் நெருங்கிய நண்பர்கள் அல்லர் என்று அவர்களைச் சுற்றியிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதில் எனக்கு வியப்பில்லை. இருவர் படகு அப்படித்தான். நட்பு இருந்தால் நல்லது; இல்லாவிட்டாலும் கேட்ச் ஒன்றாக விழுந்தால் போதும்.

ஹோம்ஸைப் பற்றி இன்னொன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. நெடுநாள் விலகியிருந்தவர் பிற்காலத்தில் மறுபடி துடுப்பைக் கையில் எடுத்தார். 2010 அக்டோபரில் எலிக்காய்ச்சலில் இறந்தார். வயது 51. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் தோல் வெடிப்பு வழியாக உள்ளே போனால் வரும் நோய் அது. ரோயிங்காரன் உள்ளங்கையில் கொப்புளம் உடையாத வாரம் கிடையாது. தேம்ஸ் பக்கத்து ஆளுக்கே இந்தக் கதி என்றால், மழைக்காலத்து அடையாற்றை யோசித்துப் பாருங்கள். உடைந்த கொப்புளத்தை நீர்புகாத பிளாஸ்திரி போட்டு மூடாமல் என் பிள்ளைகள் யாரும் படகைத் தொட முடியாது. கரையேறியதும் சோப்புப் போட்டுக் கை கழுவியாக வேண்டும். காய்ச்சல் வந்து டாக்டரிடம் போனால் ‘நான் ஆற்றில் படகு ஓட்டுகிறவன்’ என்று முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒலிம்பிக் தங்கம் வாங்கியவரையே இது விடவில்லை என்று சொன்ன பிறகு யாரும் என்னிடம் வாதாடுவதில்லை.

1990இல் ரெட்கிரேவ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் மாத்யூ பின்ஸென்ட். ஈட்டனில் படித்து ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்த பையன், வயது இருபதுகூட ஆகவில்லை. இவரோ இரண்டு ஒலிம்பிக் தங்கம் வைத்திருப்பவர். இயல்பாகப் பார்த்தால் ஸ்ட்ரோக் இருக்கை மூத்தவருக்குத்தான். தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. பிறகு இடம் மாறினார்கள். பின்ஸென்ட் ஸ்ட்ரோக்குக்குப் போனார். ரெட்கிரேவ் போ இருக்கைக்கு வந்தார்.

இதை எழுதுவது சுலபம். இருவர் படகில் ஆளுக்கு ஒரே துடுப்பு. ஒருவர் வலப்பக்கம், ஒருவர் இடப்பக்கம். வருடக்கணக்கில் ஒரே பக்கம் திரும்பி வலித்த உடம்புக்குத் தோளும் இடுப்பும் ஒருபக்கமாகவே பழகியிருக்கும். அதைக்கூடப் பழக்கிக்கொள்ளலாம். பழகாதது மனது. நேற்றுவரை என் முதுகைப் பார்த்து வலித்தவனின் முதுகை இன்று நான் பார்க்க வேண்டும். அவன் ஏற்றினால் ஏற்ற வேண்டும், அடக்கினால் அடக்க வேண்டும். எங்கள் ஊர்க் கிளப்புகளில் இதற்காகவே பேச்சுவார்த்தை நின்றுபோன ஜோடிகளை எனக்குத் தெரியும்.

அந்த ஜோடி 1992இல் பார்சிலோனாவிலும் 1996இல் அட்லாண்டாவிலும் தங்கம் வாங்கியது. அட்லாண்டாவில் பிரிட்டன் முழுவதுக்கும் கிடைத்த தங்கம் அது ஒன்றுதான். போட்டி முடிந்த கையோடு மைக்கை நீட்டியவர்களிடம், இனி என்னை எவராவது படகுப் பக்கம் பார்த்தால் சுட்டுவிடலாம் என்ற பொருளில் ரெட்கிரேவ் சொன்னது உலகப் பிரசித்தம். சில மாதங்களில் திரும்பி வந்துவிட்டார். அந்தப் பேச்சைப் பலர் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார்கள். 2000 மீட்டர் வலித்து முடித்தவன் அடுத்த பத்து நிமிடத்தில் சொல்கிற எதையும் நம்பக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். காலில் ரத்தமே இல்லாததுபோல் இருக்கும், வாயில் இரும்பு ருசி வரும், கண் மங்கும். அந்த நேரத்தில் நானும் எத்தனையோ சபதம் போட்டிருக்கிறேன்.

இவர்களுக்கு 1991இலிருந்து பயிற்சி கொடுத்தவர் யூர்கன் குரோப்ளர். கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்தவர். அந்த நாட்டு விளையாட்டு அமைப்பின் ஊக்கமருந்துக் கதைகள் இன்று ஊரறிந்தவை. அந்த நிழல் குரோப்ளர் பெயரையும் விட்டதில்லை. பிரிட்டனில் அவர் கொண்டுவந்த பயிற்சி முறை என்னவோ மிகவும் சாதாரணமானது. நிமிடத்துக்கு 18, 20 வலிப்பு என்ற மெதுவான கணக்கில் நீண்ட தூரம் போய்க்கொண்டே இருப்பது. போட்டியில் 36, 38 என்று வலிக்கப்போகிறவர்கள் ஏன் பாதிக் கணக்கில் பழக வேண்டும்? ஏனென்றால் 2000 மீட்டர் போட்டியில் செலவாகும் சக்தியில் பெரும்பங்கு மூச்சுக் காற்றிலிருந்து வருவது. அந்த உலையை மெதுவான நெடுந்தூரம்தான் கட்டும். இரண்டாவது காரணம், மெதுவாக வலிக்கும்போது ஒளிந்துகொள்ள இடமில்லை. கேட்ச் அரை நொடி பிந்தினாலும் படகு சொல்லிவிடும். வேகத்தில் எல்லாத் தப்பும் தண்ணீர்த் தெறிப்பில் மறைந்துபோகும். என்னிடம் வரும் பெற்றோர் சிலர், “என்ன சார், இவ்ளோ மெதுவா ஓட்ட விடறீங்க?” என்று கேட்பார்கள். பதில் சொல்ல நேரம் இருந்தால் குரோப்ளர் கதையைச் சொல்வேன். இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

உடம்பு ரெட்கிரேவுக்கு ஒத்துழைத்ததே இல்லை. 1992இல், பார்சிலோனாவுக்குச் சற்று முன், பெருங்குடலில் புண் உண்டாக்கும் கோளாறு என்று தெரிந்தது. 1997இல் அடங்காத தாகம் வந்தது. பார்த்தால் சர்க்கரை நோய். கடும் பயிற்சியில் இருக்கும் இந்தப் பெரிய உடம்புக்காரர் ஒரு நாளைக்குச் சாப்பிட வேண்டியது சாதாரண ஆளைப்போல இரண்டு மூன்று மடங்கு. அவ்வளவும் சாப்பிட்டாக வேண்டும், சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். உணவைக் குறைத்தால் படகு ஓடாது. குறைக்காவிட்டால் உடம்பு தாங்காது. மருத்துவரின் வழிகாட்டுதலில் நாள் முழுக்கப் பலமுறை இன்சுலின் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வேளைக்கும் கணக்குப் பார்த்து, மூன்று வருடம் ஓட்டினார். அவர் மனைவி ஆன் டாக்டர். அவரும் 1984 ஒலிம்பிக்கில் துடுப்பு வலித்தவர். சர்க்கரை வீட்டுக்கு வீடு இருக்கிற நம் ஊரில் ரெட்கிரேவ் கதையில் இந்த மூன்று வருடத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

1997இல் இருவர் படகை விட்டு நால்வர் படகுக்கு வந்தார்கள். ரெட்கிரேவ், பின்ஸென்ட்டோடு ஜேம்ஸ் கிராக்னல், டிம் ஃபாஸ்டர். ஃபாஸ்டருடைய கதைதான் எனக்கு அதிகம் பிடித்தது. நால்வரில் முரட்டுப் பலம் குறைந்தவர். ஆனால் அலகைத் தண்ணீரில் வைப்பதிலும் எடுப்பதிலும் அவருக்கு இணை கிடையாது. கையில் காயம், முதுகில் அறுவை சிகிச்சை என்று இடையில் வெளியே இருந்தார். அவருக்குப் பதிலாக எட் கூட் உள்ளே வந்து 1999 உலகப் போட்டியில் தங்கமும் வாங்கிவிட்டார். வென்ற குழுவை யார் கலைப்பார்கள்? குரோப்ளர் கலைத்தார். ஒலிம்பிக் வருடத்தில் ஃபாஸ்டர் உள்ளே, கூட் வெளியே. ஃபாஸ்டர் உட்கார்ந்தால் மற்ற மூவரின் பலமும் படகுக்குள் போய்ச் சேர்கிறது என்பது அவர் கணக்கு. உடற்பயிற்சிக் கூடத்தில் இருக்கும் எர்கோ எந்திரம் ஒரு ஆளின் பலத்தைச் சொல்லும். அவன் வந்து உட்கார்ந்ததும் படகு என்ன செய்கிறது என்பதை அது சொல்லாது. கூடுக்கு நடந்தது கொடுமைதான். ஆனால் அவர் 2004இல் ஏதென்ஸில் பின்ஸென்ட், கிராக்னலோடு நால்வர் படகிலேயே தங்கம் வாங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2000 ஜூலையில் லூசெர்ன் போட்டியில் இந்த நால்வர் நான்காவதாக வந்தார்கள். ரெட்கிரேவுக்கு வயதாகிவிட்டது, சர்க்கரை வேறு என்று பேச்சு எழுந்தது.

செப்டம்பர் 23, சிட்னிக்கு அருகே பென்ரித். போ இருக்கையில் கிராக்னல், இரண்டில் ரெட்கிரேவ், மூன்றில் ஃபாஸ்டர், ஸ்ட்ரோக்கில் பின்ஸென்ட். அந்தப் போட்டியின் பதிவை நான் பிள்ளைகளுக்குப் பலமுறை போட்டுக் காட்டியிருக்கிறேன். முன்னிலை பிடித்து அதை விடாமல் வந்தார்கள். கடைசி 250 மீட்டரில் இத்தாலி ஏறி வந்தது. பதிவை ஓட விடும்போது பிள்ளைகள் இத்தாலியையே பார்ப்பார்கள். நான் இரண்டாம் இருக்கையைப் பார்க்கச் சொல்வேன். பக்கத்துப் படகு நெருங்குகிறது என்று தெரிந்ததும் மனித இயல்பு என்ன செய்யும்? அவசரப்படும். திரும்பலைச் சுருக்கும். தனக்கென்று ஒரு வேகம் வைத்துக்கொள்ளும். நான்கு தங்கம் வாங்கிய ஆளுக்கு அந்த உரிமைகூட உண்டு என்று தோன்றும். அங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பின்ஸென்ட் முதுகு என்ன சொல்கிறதோ அதுதான், கடைசி வலிப்புவரை. பெரிய நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவரைப் போல அவர் இருப்பதே தெரியவில்லை. அவர் இல்லாவிட்டால் அது நன்றாகத் தெரிந்திருக்கும்.

பிரிட்டன் 5 நிமிடம் 56.24 நொடி. இத்தாலி 5 நிமிடம் 56.62. வித்தியாசம் 0.38 நொடி. அந்த வேகத்துக்குக் கணக்குப் போட்டால் 2 மீட்டரை ஒட்டி வரும். ஏறக்குறைய 225 வலிப்பு வலித்ததில் கடைசியில் மிஞ்சியது அவ்வளவுதான். வலிப்புக்கு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரே ஒருவன் ஒவ்வொரு திரும்பலிலும் துளி அவசரப்பட்டிருந்தால் தங்கம் இத்தாலிக்கு. எல்லைக்கோட்டைத் தாண்டியதும் பின்ஸென்ட் தன் இருக்கையிலிருந்து எழுந்து, நடுவில் இருந்த ஃபாஸ்டர் மேல் ஏறிக் கடந்து, ரெட்கிரேவைக் கட்டிப்பிடித்துவிட்டுத் தண்ணீருக்குள் விழுந்தார். படகுக்குள் எழுந்து நிற்கக் கூடாது என்று அன்றாடம் தொண்டை வறளக் கத்துகிற எனக்கே அந்தக் காட்சி பிடிக்கும்.

அதோடு ஓய்வு. மறுவருடம் சர் பட்டம். பிறகு ஹென்லி படகுத் திருவிழாவின் நிர்வாகக் குழுவுக்குத் தலைவரானார். 2018இல் சீனா அவரைத் தன் துடுப்புப் படகு அணிக்கு அழைத்துக்கொண்டது. துடுப்பு வலித்த காலத்துக்கு நடுவில் பனிச்சறுக்கு வண்டியான பாப்ஸ்லேயிலும் ஒரு கை பார்த்திருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. அது 1989இல்.

நம் நாட்டுக்கு வந்தால் இதே பாடத்தை வேறு விதத்தில் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். நாசிக் மாவட்டத்தின் வறண்ட கிராமம் ஒன்றில் பிறந்த தத்து போகனல், ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பைத் தொட்டார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தனிப்படகில் 13ஆவது இடம். தண்ணீரில்லாத ஊரிலிருந்து வந்தவர் அந்த இடத்தைப் பிடித்ததே பெரிது. 2018 ஆசியப் போட்டியில் பாலெம்பாங்கில் தனிப்படகு இறுதிப் போட்டியன்று உடல்நலம் இல்லை. பாதி வழியில் துவண்டு, கடைசியாகக் கரை சேர்ந்தார். மறுநாளே ஸ்வரண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் ஆகியோரோடு நால்வர் படகில் ஏறித் தங்கம் வாங்கினார். முந்தின நாள் தனியாகத் தூக்க முடியாத உடம்பை மறுநாள் மூவரின் தாளம் தூக்கிக்கொண்டு போயிற்று என்று நான் பிள்ளைகளிடம் சொல்வேன். மருத்துவர்கள் வேறு காரணம் சொல்லலாம். எனக்குத் தெரிந்த காரணம் இது.

வருடா வருடம் கோடை விடுமுறையில் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். கூடவே பெற்றோரும். சிலர் முதல் வாரத்திலேயே தனியாக என்னைக் கூப்பிட்டு, “சார், இவனை ஸ்ட்ரோக்ல போடுங்க, லீடர்ஷிப் வரும்” என்கிறார்கள். நான் அந்தப் பையனைத்தான் முதலில் இரண்டாம் இருக்கையில் போடுகிறேன். முன்னால் ஒரு முதுகு, பின்னால் ஒரு மூச்சுச் சத்தம். இரண்டு மாதம் அங்கே உட்கார்ந்து, படகுக்கடியில் அந்தச் சலசலப்பு அறுபடாமல் ஓட ஒருமுறை கேட்டுவிட்டால், பெரும்பாலான பிள்ளைகள் இருக்கையைப் பற்றிக் கேட்பதை விட்டுவிடுகிறார்கள். பெற்றோர்தான் விடுவதில்லை.

உங்கள் வீட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கை கால் நீண்டு, எந்த விளையாட்டிலும் ஒட்டாமல் ஒரு பிள்ளை இருந்தால் ஏதாவது ஒரு படகுக் கிளப்புக்கு அழைத்துப் போய்ப் பாருங்கள். படிப்பில் கொஞ்சம் பின்தங்கினாலும் பரவாயில்லை. ஆனால் அதற்கு முன்னால் நீச்சல் கற்றுக் கொடுத்துவிடுங்கள். நீச்சல் தெரியாத யாரையும் நாங்கள் படகில் ஏற்றுவதில்லை.